முற்றத்துக்கு மதிப்பு பூஜ்யம்

எண்பதுகளில் ராத்திரி பஸ் ஏறியவர் விடியற்காலையில் கண் விழித்தால், எந்த ஊர் வந்திருக்கிறது என்று பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே கூரையைப் பார்த்தால் போதும். செங்குத்தாகச் சரிந்த ஓடு, சுவரை நனைய விடாமல் முன்னால் நீண்ட இறவாணம் என்றால் தக்கலை தாண்டியாயிற்று. சுண்ணாம்புக் காரை போட்ட மட்டப்பாவும் அதில் காயும் மிளகாய் வத்தலும் தெரிந்தால் திருநெல்வேலிச் சீமை. இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் ஒரே வீடு என்றால் காரைக்குடி வட்டாரம், சந்தேகமே வேண்டாம். நாட்டு ஓடும் திண்ணையும் திண்ணை ஓரத்தில் மரத்தூணும் என்றால் தஞ்சாவூர். தொட்டிக்கட்டு வீடு என்றால் கொங்கு. கடைசியில், கடற்காற்றில் பாசி பிடித்துக் கறுத்த கைப்பிடிச் சுவர்களோடு மெட்ராஸ்.

இன்று அதே பஸ்ஸில் ஏசி, படுக்கை, போர்வை எல்லாம் உண்டு. கண் விழித்துத் திரையை விலக்கினால் தெரிவது சாம்பல் நிற ஏசிபி ஷீட் ஒட்டிய நான்கு மாடி, நடுவில் நீலக் கண்ணாடி, ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை ஒன்று. ஊர் எது? ஜவுளிக்கடை போர்டின் கடைசி வரியில் பின்கோடு போட்டிருப்பார்கள். அதைப் படித்துக்கொள்ள வேண்டும். இவ்வாறாகத் தமிழ்நாடு ஒன்றுபட்டுவிட்டதை நினைத்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கலாம். நான் அந்தக் கட்சி இல்லை. எல்லா ஊர்ப் புதுக் கட்டடமும் ஒரே மாதிரி மோசம் என்று புலம்புகிறவர்களோடும் சேர மாட்டேன். மோசத்திலும் ஊருக்கு ஊர் தரம் உண்டு. அதை அளந்து பார்த்துக் காசு வாங்கியவன் நான்.

சிவில் படித்துவிட்டு, வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து கொடுப்பதைத் தொழிலாக வைத்திருந்தேன். கடன் கேட்பவரின் வீட்டை அளந்து, வயதைக் கணக்கிட்டு, தேய்மானத்தைக் கழித்து, விலை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. அதைத் தயாரித்த புண்ணியவான் யாரோ, தமிழ்நாட்டுக் கட்டடங்களின் எதிர்காலத்தை அவரைப்போல் துல்லியமாகக் கணித்தவர் வேறொருவர் இல்லை. கட்டடத்தின் விலை பிளிந்த் ஏரியாவை வைத்து, சதுர அடிக் கணக்கில். திறந்த முற்றம் பிளிந்த் ஏரியாவில் சேராது. இது வங்கியின் கஞ்சத்தனம் அல்ல. பரப்பை அளக்க இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் முறையே அதுதான். மேலே கூரை இல்லாத இடம் கட்டடம் ஆகாது. ஆகவே முற்றத்துக்கு மதிப்பு பூஜ்யம்.

படிவத்தைத் திருப்பினால் கூடுதல் இனங்கள் வரும்: போர்டிகோ, அலங்கார வாசற்கதவு, கிரில் போட்ட சிட் அவுட். அதற்கும் கீழே வசதிகள்: மார்பிள் தரை, அலுமினிய வேலை, பால்ஸ் சீலிங், எலிவேஷன் வேலை. எலிவேஷனுக்கென்று தனித் தொகை எழுதலாம். காற்றுக்கு? நிழலுக்கு? சாரல் உள்ளே அடிக்காத ஜன்னலுக்கு? கட்டமே கிடையாது.

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டை மதிப்பிடப் போயிருந்தேன். சென்னையில் பிளாட் வாங்குவதற்காகப் பேரன் கடன் கேட்டிருந்தார். ஈடாகக் காட்டியது ஊர் வீட்டை. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், கட்டிப் பிடித்தால் கை எட்டாது. உள்ளே வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை. முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, கட்டிய நாள் முதல் ஒரு தடவை வெள்ளையடித்ததில்லை. கை வைத்தால் இன்றும் வழுக்கியது. தரையில் ஆத்தங்குடிக் கல். வெளியே சித்திரை வெயில். உள்ளே ஃபேன் ஓடவில்லை, யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. சூடேறிய காற்று முற்றத்தின் வழியாக மேலே போகிறது, நிழலில் கிடந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது; இதற்கு ஸ்விட்ச் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கூரையில் விழும் மழையும் முற்றத்துக்கே வந்து, அண்டாவுக்கும் கிணற்றுக்கும் போனது. பிற்பாடு 2003இல் அரசாங்கம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி ஊரெல்லாம் பிவிசி குழாய் வாங்க ஓடியபோது எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வந்தது.

டேப்பைப் பிடித்து முற்றத்தின் நீள அகலத்தை அளந்து மொத்தத்தில் கழித்தேன். ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"அதை ஏன் தம்பி கழிக்கிறிய?"

"மேல கூரை இல்லையே ஆச்சி. கணக்குல வராது."

"கூரை இல்லாததாலதானப்பா அது முத்தம். கலியாணம், சாந்தி, அப்பச்சி காரியம் எல்லாம் அதுலதான நடந்துச்சு. சரி, பேரன் வாங்கப் போற பிளாட்டுல முத்தம் உண்டா?"

"அதுல காமன் ஏரியான்னு ஒண்ணு உண்டு ஆச்சி. லிஃப்ட், படிக்கட்டு, நடக்கற எடம். அதுல இவரு பங்கையும் சதுர அடியில சேத்துருவாங்க. அதுக்குக் காசு உண்டு."

"லிஃப்டுக்கு உண்டு, முத்தத்துக்கு இல்ல" என்றார்கள் ஆச்சி. பிறகு காபி கொடுத்தார்கள்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் உருகி வழிவதைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்த வீடும் பகட்டுதான். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, மார்பிள் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. கப்பலில் வந்த எலிவேஷன் அது. ஆனால் பகட்டு முகப்போடு நின்றுவிட்டது. வளவுக்குள் வெயிலையும் மழையையும் தெரிந்த கொத்தனார் சொன்னதே சட்டம். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான், செட்டியார்கள் அங்கே வட்டிக்கு விட்ட பணம் அங்கேயே நின்றது, அத்தோடு அப்படிப்பட்ட வீடு கட்டுவதும் நின்றது. அப்புறம் நடந்தது பங்காளிகளின் பாகப்பிரிவினையும் பழம்பொருள் கடையும். வளவில் நின்ற தூண்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளின் வரவேற்பறைகளில் இப்போது நிற்கின்றன. எதையும் தாங்கவில்லை, சும்மா நிற்கின்றன. அதே சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு, கேரளத்து வீடு என்று பிரித்து எடுத்து வந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. ஊருக்கு ஊர் வீடு வேறு என்பதைப் பார்க்க இன்று டிக்கெட் வாங்க வேண்டும்.

பழைய வீட்டைப் புகழ்கிறவர்கள் அதில் குடியிருந்தவர்களா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கக்கூஸ் கொல்லைக் கோடியில். அடுக்களையில் வெளிச்சம் வராது, புகை போகாது. அங்கே நின்றவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. திண்ணை எல்லாரும் உட்காரும் இடம் என்று சிலர் எழுதுகிறார்கள். எல்லாரும் உட்கார்ந்ததில்லை, உட்கார விட்டதுமில்லை. ஊரில் பாதிப்பேருக்கு வளவும் கிடையாது, வராந்தாவும் கிடையாது, ஓலைக் குடிசைதான். வருஷா வருஷம் தீப்பிடிக்கும், புயலில் பறக்கும். அவர்களுக்கு கான்கிரீட் தளம் என்பது மரியாதை. குடிசைகளை கான்கிரீட் வீடுகளாக மாற்ற 2010இல் அரசு ஒரு திட்டமே கொண்டுவந்தது. சூடாக இருக்கிறதே என்று அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. தேர்ந்தெடுக்கப் பணமும் நேரமும் இருந்து, தேர்ந்தெடுக்காமல் விட்டவர்கள்மேல்தான்.

அவர்களில் முதல் வரிசையில் எங்கள் ஊர்க்காரர்கள். ஊர் நாகர்கோவில். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி, அன்றிலிருந்து தமிழ்நாடு. எல்லை மாறிய சேதி மழைக்குப் போய்ச் சேரவில்லை. தென்மேற்கும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. அதனால்தான் பத்மநாபபுரம் அரண்மனை முதல் பனையோலைப் புரை வரை எங்கள் பக்கத்தில் எல்லாக் கூரையும் சரிந்தே இருந்தது. அந்த அரண்மனை எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது, பராமரிப்பது மட்டும் கேரள அரசு. நல்லவேளை. எங்களிடம் விட்டிருந்தால் முன்பக்கம் ஒரு போர்டிகோ வார்த்திருப்போம்.

வளைகுடாப் பணம் வந்த காலத்தில் ஓட்டு வீடு மதிப்புக் குறைந்துபோனது. பெண் கேட்க வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன்பே நிமிர்ந்து பார்ப்பார்கள். ஓடு தெரிந்தால் பேச்சு அரைகுறையாக முடியும். ஓட்டைப் பிரித்தார்கள். பலாவிலும் ஆஞ்சிலியிலும் செய்த உத்திரங்கள் விறகுக்கடைக்கும் ஆசாரிப் பட்டறைக்கும் போயின. தட்டையாக கான்கிரீட் போட்டார்கள். வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊரில் தட்டையான தளம் என்ன செய்யும்? ஒழுகியது. அதற்கு ஒரு பெயின்ட், அதன்மேல் இன்னொரு பெயின்ட், தட்டோடு, தார் ஷீட். எதுவும் நிற்கவில்லை. கடைசியில் கொத்தனார் மருந்து சொன்னார்.

"மேல டிரஸ் அடிச்சு ஷீட் போட்டுருவோம் சாரே. சூடும் எறங்காது, ஒழுகவும் செய்யாது. துணியும் காயப் போடலாம்."

"சரிவா இருந்த ஓட்டைப் பிரிச்சுட்டுத்தானே இதை வார்த்தீங்க?"

"அது அப்போ உள்ள மோடல். இது இப்போ உள்ள மோடல்."

இப்போது ஊர் முழுக்க அந்த மோடல்தான். மாடிக்கு மேல் இரும்புக் குழாய், அதன்மேல் நீலமோ சிவப்போ பூசிய தகரம், பழைய ஓட்டுக்கூரையின் அதே சரிவில். இரண்டு கூரைக்கான செலவில் ஒரு கூரை. கீழே உள்ள கான்கிரீட் என்ன செய்கிறது என்று கேட்டால், ஷீட்டைத் தாங்குகிறது. படிவத்தில் அந்த ஷீட்டுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறேன்.

களியக்காவிளை தாண்டினால் வேறு வேடிக்கை. கேரளத்தில் சரிவை விட மனமில்லை, கான்கிரீட்டையும் விட மனமில்லை. கான்கிரீட்டையே சரித்து வார்த்து அதன்மேல் ஓட்டை ஒட்டிவிட்டார்கள். ஓடு அங்கே மழைக்காக இல்லை, பார்வைக்காக. ஆனாலும் சரிவு இருக்கிறது, தண்ணீர் ஓடிவிடுகிறது, முன்னால் ஒரு பூமுகமும் வைக்கிறார்கள். எங்களைவிட ஒரு மார்க் கூடக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பது என் எண்ணம். பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் 2007இல் இறந்த லாரி பேக்கர். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிச் சுவர் அவரால் அங்கே பரவியது. கால்வாசிச் செங்கல் மிச்சம், இடைவெளியில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல் சுருளாக ஏறிப்போகும் இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியது. அதில் காபி குடித்த எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி ஏசிபி ஷீட்டுக்கு ஆர்டர் கொடுத்தார்கள்.

பேக்கர் வழியில் கட்டிய வீட்டை நான் மதிப்பிட்டது திருவனந்தபுரத்தில் அல்ல, கோயம்புத்தூரில். செங்கல் சுவர், உள்ளும் புறமும் பூச்சு கிடையாது. மேற்குப் பக்கம் செங்கல் ஜாளி. தளத்தில் கான்கிரீட்டுக்கு வேலையில்லாத இடங்களில் ஓட்டைப் பதித்து வார்த்திருந்தார்கள். நடுவில் சின்னதாக ஒரு முற்றம், வழக்கம்போலக் கழித்தேன். வேலை முடிந்து குடிபோக நாள் குறித்தாகிவிட்டது. வங்கி மேலாளர் போட்டோவைப் பார்த்துவிட்டு, பூச்சு வேலை முடிந்த பிறகுதான் கடைசித் தவணை என்று நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"இது இப்படியேதானுங்க. பூச மாட்டோமுங்க."

"பூசலைன்னா வேலை முடியலைன்னு நினைக்கறாங்க."

"அப்ப நல்லா இருக்குதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துருங்களேன்."

நல்லா இருக்கிறது என்று எழுதவும் படிவத்தில் இடம் இல்லை. பூச்சு என்ற கட்டத்தில் "வடிவமைப்பின்படி தேவையில்லை" என்று எழுதினேன். அதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது.

கோவையில் இந்த மாதிரி வீடுகள் ஏன் மற்ற ஊர்களைவிட அதிகம் என்று யோசித்திருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு காரணம் என்பார்கள். காற்று காரைக்குடியிலும் வீசத்தான் செய்கிறது. என் அனுபவத்தில் காரணம் வீட்டுக்காரர்தான். மில்லும் பம்ப்செட்டும் பட்டறையும் நடத்திய ஊர். ஒரு சாமானைக் கையில் எடுத்தால் திருப்பிப் பார்த்து, இது ஏன் இப்படி என்று கேட்கும் பழக்கம் வீட்டிலும் வருகிறது. கோவைக்காரர் ஆர்க்கிடெக்டுக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்பார். சென்னைக்காரருக்குக் கேள்வி கேட்க நேரமில்லை, இஎம்ஐ கட்டப் போக வேண்டும். இதே கோவையில் அவினாசி ரோட்டில் வரிசையாக நிற்கும் கண்ணாடி முகங்களைப் பார்த்தால் நான் சொன்னதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். பணம் தன்னுடையதாகவும் குடியிருப்பது தானாகவும் இருந்தால் ஒரு புத்தி. பணம் தன்னுடையது, உட்காரப் போவது ஊழியரும் நோயாளியும் என்றால் இன்னொரு புத்தி.

செங்கல் வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணோடு இயைந்த வீடு என்று கோவையில் பெருமைப்படுவார்கள். அந்த மண்ணில் நிறையத் தடாகம் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. ஆனைகள் நடமாடுகிற மலையடிவாரத்தைப் பனை உயரத்துக்குத் தோண்டி எடுத்தார்கள். விதிமீறல் என்று 2021இல் சூளைகளை மூடினார்கள். இயற்கையோடு வாழ ஆசைப்பட்டவர்களின் சுவருக்குள் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது.

சென்னைக்கு வருவோம். பழைய மெட்ராஸ் வீட்டில் மேல்தளம் தேக்கு உத்திரத்தின்மேல் சன்னச் செங்கலைக் குறுக்காக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியது. அதற்கு மெட்ராஸ் டெரஸ் என்றே பெயர். ஊர் பெயரில் ஒரு தளம் இருந்த ஊர் இது. 1959இல் மவுண்ட் ரோட்டில் எல்ஐசி எழுந்தது. லண்டன்காரர்களான பிரவுனும் மோலினும் போட்ட திட்டம், முடித்துக் கொடுத்தவர் மெட்ராஸின் எல்.எம். சித்தாளே. கொஞ்ச காலம் நாட்டிலேயே உயரமான கட்டடம். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு ஊர் திரும்பினார்கள். 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதன்பிறகு பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசையாகக் கண்ணாடி.

கண்ணாடி லண்டனில் நியாயம்; அங்கே வெயில் விருந்தாளி. 13 டிகிரி அட்சரேகையில், கடலோர ஈரத்தில், மேற்குப் பார்த்த முகம் முழுக்கக் கண்ணாடி ஒட்டினால் என்ன ஆகும் என்பதை மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே போய்ப் பார்க்கலாம். வெயில் அடிக்கிறதென்று திரையை இறக்கியிருப்பார்கள். திரையை இறக்கியதால் இருட்டு. இருட்டினால் விளக்கு. விளக்கின் சூட்டுக்கும் கண்ணாடியின் சூட்டுக்கும் சேர்த்து ஏசி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் அது கண்ணாடிக் கட்டடம். உள்ளே இருப்பவருக்கு முன்னூற்று அறுபத்தைந்து நாளும் ராத்திரி.

குடியிருப்புகளின் கதை வேறு. பெருங்குடிப் பக்கம் ஒரு பில்டரிடம், ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு எங்கே போனது என்று கேட்டேன். ஜன்னலைச் சுற்றி நாலு விரல் தடிமனுக்கு ஒரு பெட்டி மட்டும் வரைந்திருந்தார்.

"சன்ஷேடு ஓல்டு லுக் சார். பப்ளிக் பாக்ஸ் எலிவேஷன்தான் கேக்கறாங்க."

"மழை அடிக்குமே?"

"யூபிவிசி விண்டோ சார். மூடிக்கலாம்."

மூடிக்கொள்ளலாம் என்பது இன்றைய சென்னைக் கட்டடங்களின் மொத்தத் தத்துவம். சுற்றியுள்ள மனைகளிலும் அவர் காட்டிய அதே உருவம்தான். கீழே கார் நிறுத்தத் தூண், மேலே ஐந்து மாடி. 2019இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. 18.30 மீட்டர் தாண்டாத வரை உயர்மாடிக் கட்டடமாகக் கருதப்படாது. ஆகவே எல்லாரும் 18.30க்குள் அடுக்கக் கூடியதை அடுக்கினார்கள், பக்கத்தில் விடச் சொன்ன இடத்தை மட்டும் விட்டார்கள். ராமநாதபுரத்தின் வறட்சிக்கும் நாகர்கோவில் மழைக்கும் ஊட்டியின் அடிவாரத்துக்கும் அதே விதி. விதியைக் குறை சொல்ல மாட்டேன். எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி என்றுதான் விதி சொல்லும், நிழல் எங்கே விழ வேண்டும் என்று யோசிக்க வேண்டியது மனிதன். அந்த மனிதனின் இடத்தை இப்போது வாட்ஸப்பில் வரும் 3டி வியூ பிடித்துக்கொண்டது. ஓசூர் வீட்டின் 3டி வியூவில் மனையின் அளவைத் திருத்தினால் அது தூத்துக்குடி வீடு. படத்தில் வானம் எப்போதும் நீலம், வாசலில் வெளிநாட்டுக் கார், மழை பெய்வதே இல்லை.

அரசாங்கம் பெரிய ஆர்க்கிடெக்டை வைத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஓமந்தூரார் தோட்டத்தை ஞாபகப்படுத்துகிறேன். புதிய சட்டமன்றத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஜிஎம்பி நிறுவனம் திட்டம் போட்டது. 2010 மார்ச்சில் திறப்பு விழா. கோபுரக் கூரை முடியவில்லை. சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணியை வைத்து விழாவுக்கு ஒரு தற்காலிகக் கூரை செட் போட்டார்கள். ஆட்சி மாறியது. 2014இல் அது பல்நோக்கு மருத்துவமனை. நோயாளிகளுக்கு நல்லதுதான் நடந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. சட்டமன்றத்துக்காக வரைந்த கட்டடம் ஆஸ்பத்திரியாக முடிந்தால், வரைபடத்தோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டி என்ன என்றுதான் தோன்றும்.

மதுரையில் 1970களில் இலங்கையின் ஜெஃப்ரி பாவா ஒரு கிளப் கட்டினார், கருங்கல்லும் நிழலுமாக. இப்போது அது ஹோட்டல். அதைப் பார்த்து மதுரை கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. திருச்சி, சேலம், வேலூர் பற்றி எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தால் எந்தப் படம் எந்த ஊர் என்று எனக்கே குழம்புகிறது.

பாண்டிச்சேரி மட்டும் கொஞ்சம் தனி. அங்கே ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் தொடங்கியது. ஜப்பானில் வேலை செய்துவந்த அன்டோனின் ரேமண்டின் திட்டம். கூடவே இருந்து கட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. முழுக்க கான்கிரீட். நீளமான முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, அவற்றில் ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாகத் திறந்து மூடும் படல்கள். காற்றுக்கு வழி விட்டு, வெயிலுக்கும் சாரலுக்கும் வழி மறிக்கும். ஏசி வைக்கவில்லை, வைக்கத் தேவையும் வரவில்லை. கான்கிரீட் என்றாலே சூடு என்று பேசுகிறவர்கள் அதன் வாசல்வரை போய்விட்டு வரலாம். பொருளைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்த ஊரில் பழையதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் ஆட்களுக்கு இருக்கிறது. வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளைத் தூக்கி நிறுத்தினார்கள். 2014 நவம்பர் மழையில் கடற்கரையோரப் பழைய நகரமண்டபம் இடிந்து விழுந்தபோது அதே உருவத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அதன் பின்விளைவும் உண்டு. புதுக் கட்டடம் எதுவானாலும் மஞ்சள் சுண்ணாம்பு நிறம் அடித்து, வெள்ளை வரி இழுத்து, வளைவு ஒன்று வைத்துவிட்டால் பிரெஞ்சு ஆகிவிடுகிறது. செல்போன் கடையும் பிரெஞ்சு, லாட்ஜும் பிரெஞ்சு. கோல்கொண்டைப் பார்த்து ஒன்று கட்டியவர்களைத் தேடினால் ஆரோவில் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது.

படிவம் நிரப்பும் வேலை இப்போது எனக்கு இல்லை. ஆகவே என் சொந்த மதிப்பீட்டை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். புதுக் கட்டடங்களில் முதலிடம் கோயம்புத்தூருக்கு. தனி வீடுகளுக்கு மட்டும் இந்த இடம், கல்லூரியையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்தால் இறங்கிவிடும். அடுத்து பாண்டிச்சேரி, காப்பதில் கெட்டி, புதிதாக யோசிப்பதில் சோம்பல். திருவனந்தபுரம் வேறு மாநிலம், அதை விட்டுவிடலாம், விடாவிட்டால் நமக்குத்தான் சங்கடம். சென்னையின் ஐடி சாலை பெயில். காரைக்குடி பரீட்சையே எழுதவில்லை, பழைய மார்க் ஷீட்டைக் காட்டி ரூம் வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறது. கடைசி இடம் எங்கள் நாகர்கோவிலுக்கு. மற்ற ஊர்கள் தெரியாமல் செய்தன. நாங்கள் கூரை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் பிரித்துப் போட்டோம். இதில் ஆட்சேபம் உள்ள ஊர்க்காரர்கள் ஆடிச் சாரலில் ஒரு நாள் என் வீட்டு ஷீட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்து வாதிடலாம். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, சண்டைக்கு வாய்ப்பில்லை.